கலப்புக் குழந்தையை வளர்த்தவர் யார்?

"எங்கள் இரத்தம் கலப்பற்ற இரத்தம்" என்று பெருமை பேசுவோர் எல்லா நாடுகளிலும் இருந்து வந்திருக்கின்றனர். ஜெர்மனியில் அப்பெருமை ஓர் அரசாங்கத்தின் கொள்கையாகி, 1935-இல் சட்டமாகி, முடிவில் பல லட்சம் மக்களின் கொலையாக முடிந்தது. நம்மவரிடத்திலோ அது ஜாதி என்னும் பெயரால் சமையலறையிலும், மணப்பந்தலிலும், சுடுகாட்டிலும் குடியிருந்து வருகிறது. ஜொகூர் ராஜ்யத்துக் காடுகளை வெட்டிப் பால்மரம் நட நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது, கங்காணிமார் பெரும்பாலும் தத்தம் ஊராரையும் ஜாதியாரையுமே திரட்டி வந்தனராதலின், மூட்டை முடிச்சுகளோடு ஜாதியும் கடல் கடந்தது. ஒரே துரையிடம் ஒரே கூலிக்கு ஒரே மரத்தைச் சீவியவர்கள், மாலையில் லயத்திற்குத் திரும்பியதும், இன்னார் வீட்டுத் தண்ணீர் ஆகாது என்று சொல்லிக்கொண்டனர். இன்று பால்மரம் இருந்த இடங்களிற் பெரும்பகுதியில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிக்கப்பட்டன. பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். ஆனால் ஒரு மகனோ மகளோ வேறு ஜாதியிலோ வேறு இனத்திலோ மணம் செய்ய விரும்பினால், இரத்தத்தின் தூய்மை என்னும் பழைய வாதம் மட்டும் மறுபடியும் உயிர் பெற்று எழுகிறது.

இவ்வாதத்தை நாம் இரண்டு விதமாகச் சோதித்தல் வேண்டும். கலப்பற்ற இரத்தம் என்று ஒன்று உண்மையில் உண்டா என்பது முதற்கேள்வி. இல்லையென்று ஏற்பட்டால், அதிலிருந்து நம் ஒழுக்கத்திற்குக் கிடைப்பது யாது என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு விஞ்ஞானம் விடை தந்துவிட்டது. இரண்டாவதற்கு நாமே விடை தேட வேண்டும்.

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1856-இல் ஜெர்மனி தேசத்தில் டுசெல்டோர்ஃப் நகருக்கு அருகிலுள்ள நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்கள், ஒரு குகையில் சில எலும்புகளைக் கண்டெடுத்தனர். புருவ மேடு தடித்து, நெற்றி பின்னோக்கிச் சாய்ந்த மண்டையோடு அது. அது மிகப் பழைய மனிதனுடையது என்று ஃபூல்ராட் என்னும் பள்ளி ஆசிரியர் கண்டுகொண்டார். அதை ஏற்க மனமில்லாத பண்டிதர் ஒருவரோ, நெப்போலியனைத் துரத்தி வந்த ரஷ்யக் குதிரைவீரன் ஒருவன் நோயுற்றுக் குகையில் ஒதுங்கி மாண்டிருக்கலாம் என்றார். 1864-இல் வில்லியம் கிங் என்பார் அவ்வெலும்புகளுக்குரியோரைத் தனி இனமாகப் பெயரிட்டார். உயர்ந்த எண்ணம் எதுவும் அம்மண்டைக்குள் தோன்றியிராது என்றும் தீர்ப்பளித்தார். 1908-இல் பிரான்சில் ஏறக்குறைய முழு எலும்புக்கூடு ஒன்று அகப்பட்டது. அதை ஆராய்ந்த மார்செலின் பூல், முழங்கால் மடங்கி, முதுகு கூனி, குரங்கைப்போல் நடந்த உருவமொன்றைத் தீட்டிக் காட்டினார். உலகம் அச்சித்திரத்தை நம்பிற்று. 1957-இல் வேறிருவர் அவ்வெலும்புகளை மறுபடியும் பரிசோதித்து, அவை மூட்டுவாதம் கண்ட முதியவரின் எலும்புகள் என்றும், நியாண்டர்தால் மனிதர் நம்மைப்போலவே நிமிர்ந்து நடந்தவர் என்றும் விளக்கினர். ஒரு கிழவரின் நோயை ஓர் இனத்தின் இழிவாகக் கற்பித்து அரை நூற்றாண்டு காலம் உலகம் ஏசி வந்தது.

ஏசப்பட்ட அவர்கள் வாழ்ந்த விதத்தையும் சிறிது பார்ப்போம். ஈராக்கின் வடபகுதியில் ஷானிதார் என்னும் குகையில் 1950-களில் நியாண்டர்தாலர் பலருடைய எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் ஒருவருக்கு முகத்தில் பலத்த அடிபட்டு ஒரு கண் பார்வை கெட்டிருக்க வேண்டும். வலக்கை சூம்பி, முழங்கைக்குக் கீழ்ப்பகுதி இல்லாது போயிற்று. ஆயினும் அக்காயங்கள் ஆறிய பின்னரும் அவர் நெடுங்காலம் உயிர் வாழ்ந்தார் என்பதை எலும்புகளே சொல்கின்றன. வேட்டையாடிப் பிழைக்கும் கூட்டத்தில் ஒற்றைக்கையும் ஒற்றைக்கண்ணும் உடைய ஒருவர் முதுமை காண்பது, பிறர் உணவு பகிர்ந்தாலன்றி எளிதன்று.

இத்தகையோர் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோயினர். அவர்களுக்கும் நமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்றே நெடுங்காலம் பலர் கருதி வந்தனர். 2010-இல் ஸ்வாந்தே பேபோ என்னும் சுவீடன் தேசத்து விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், பழைய எலும்புத் துண்டுகளிலிருந்து நியாண்டர்தாலரின் மரபணுத் தொகுதியைப் பிரித்தெடுத்து வெளியிட்டு அவ்வெண்ணத்தைத் தகர்த்தனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே தோன்றி வளர்ந்த மக்கள் கூட்டத்தார் ஒவ்வொருவருடைய உடலிலும் நியாண்டர்தாலரின் மரபணு நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு இருக்கிறது. ஐரோப்பியரிடமும் உண்டு, சீனரிடமும் உண்டு, மலாய்க்காரரிடமும் உண்டு, தமிழரிடமும், அவருள் எந்த ஜாதியாரிடமும் உண்டு. பிற்காலத்தில் ஆசிய ஐரோப்பியப் பகுதிகளிலிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிச் சென்றோர் வழியாக ஆப்பிரிக்க மக்களிடத்திலும் அதில் சிறு அளவு உண்டென்று 2020-இல் தெரியவந்தது. 2022-இல் பேபோவுக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இக்கலப்பு இன்றைக்குச் சுமார் 50,500 ஆண்டுகளுக்கும் 43,500 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்று 2024-இல் வெளியான ஆராய்ச்சியொன்று கணக்கிட்டது.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது. நம் உடலில் அம்மரபணு இருப்பதற்கு இரு இனத்தார் கூடியது மாத்திரம் போதாது. மனிதக் குழந்தை கன்றுக்குட்டியைப் போலப் பிறந்தவுடன் எழுந்து நடப்பதன்று. அது பல ஆண்டுகள் தாய்ப்பாலையும், பிறர் மென்று கொடுத்த உணவையும், தோளையும், நெருப்பின் வெப்பத்தையும் நம்பியே உயிர் வாழ்வது. அக்கலப்புக் குழந்தை நம் வகை மனிதரின் கூட்டத்தில் வளர்க்கப்பட்டு, வயது வந்து, துணை பெற்று, தானும் குழந்தை பெற்றிருந்தாலொழிய அம்மரபணு நம்மிடம் வந்து சேர வழியில்லை. புருவம் தடித்த அக்குழந்தையைக் கண்டு, "இது நம்முடையதன்று" என்று அதைப் பனியில் எறிந்துவிட்டுப் போன கூட்டங்களும் இருந்திருக்கலாம். அவர்கள் வழியாக அம்மரபு நமக்கு வரவில்லை. எடுத்து வளர்த்தவர்கள் வழியாகவே வந்தது.

தாய்வழியாக மட்டும் இறங்கும் மரபணுவில் நியாண்டர்தாலரின் சுவடு இன்றைய மக்களிடம் காணப்படவில்லை. அதைக்கொண்டு, அக்குழந்தைகளின் தாய்மார் நம் வகையினராகவே இருந்திருப்பர் என்று சிலர் ஊகிக்கின்றனர். அது ஊகமேயாயினும், வளர்த்தவர் நம் முன்னோர் என்பதில் சந்தேகமில்லை. மறுபுறத்திலும் இவ்வாறே நடந்தது. சைபீரியாவின் அல்தாய் மலைக் குகையில் கிடைத்த நியாண்டர்தால் பெண் ஒருத்தியின் மரபணுவில், நம் வகை மனிதரின் மரபு பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கலந்திருந்தது 2016-இல் வெளிப்பட்டது. அக்கலப்பின் குழந்தைகளை வளர்த்தவர்கள் நியாண்டர்தாலர். அம்மலையிலேயே டெனிசோவா என்னும் குகையில் கிடைத்த சிறு எலும்பொன்று இன்னும் வியப்பானது. அது சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிறுமியுடையது. அவளுடைய தாய் நியாண்டர்தால் இனத்தவள்; தந்தையோ டெனிசோவர் என்னும் வேறோர் இனத்தவர். 2018-இல் இச்செய்தி வெளியாயிற்று. இறந்தபோது அவளுக்குக் குறைந்தது 13 வயதென்பர். பதின்மூன்று குளிர்காலங்கள் யாரோ அவளுக்கு உணவு கொடுத்தனர்.

நமது தீபகற்பத்தின் கதையும் கலப்பின் கதையே. 2018-இல், கிளந்தானிலுள்ள குவா சா குகையிற் கிடைத்த பழைய எலும்புகளும் லாவோஸ் தேசத்து எலும்புகளும் சேர்த்து ஆராயப்பட்டன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வேட்டையாடித் திரிந்தோருக்கு, பேராக்கிலும் கிளந்தானிலும் வாழும் ஜஹாய் மக்களும், அந்தமானின் ஓங்கே மக்களும் நெருங்கிய உறவினர் என்று அதனால் தெரிந்தது. அதன்பின் வடக்கேயிருந்து உழவர்கள் வந்து அவர்களோடு கலந்தனர். தீவுகளிலிருந்தும் மக்கள் வந்தனர். நம் ஜொகூரில் எண்டாவ் ஆற்றங்கரையிலுள்ள ஜாக்குன் மக்களும், ஜொகூர் நீரிணையில் ஒருகாலத்தில் படகையே வீடாகக் கொண்டிருந்த செலேத்தார் மக்களும், கோத்தா திங்கிப் பகுதியில் மிகச் சிறு தொகையினராய் எஞ்சியிருக்கும் கானாக் மக்களும் இந்நாட்டின் பூர்வகுடிகள். இவர்களை அடிமை என்று பொருள்படும் சொல்லால் அழைத்து வந்தோரில் நம்மவரும் உண்டு.

இந்தியாவின் நிலையும் வேறன்று. 2013-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையே, வடக்கிலும் தெற்கிலும், மேல்ஜாதி எனப்பட்டோரிடமும் ஒதுங்கி வாழ்ந்த பழங்குடிகளிடமும் பெருங்கலப்பு நிகழ்ந்தது. அதற்குப் பின்னரே அவரவர் கூட்டத்திற்குள் மணம் முடிக்கும் வழக்கம் இறுகிற்று. ஆகவே ஜாதி காப்பதாகச் சொல்லும் தூய்மை, முன்னமே கலந்துவிட்ட இரத்தத்தைச் சுற்றி இடப்பட்ட வேலியேயாகும். வேலியால் நன்மையேனும் உண்டாயிற்றா? 2017-இல் தென்னாசியாவின் 263 கூட்டங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 81 கூட்டங்கள், சிலரே முன்னோராயிருந்து உள்ளுக்குள்ளேயே மணந்து வந்ததன் விளைவை மிகவும் கடுமையாகக் காட்டின. அவ்விளைவு, பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் பரம்பரைக் கோளாறுகள் பிள்ளையிடம் வெளிப்படுவதற்கு இடந்தருவது.

நிற்க. இவ்வளவையும் கேட்ட ஒருவர், "கலப்பே சிறந்தது என்று ஒப்புக்கொள்வீரா?" என்று கேட்கலாம். அப்படியும் நாம் சொல்வதற்கில்லை. நியாண்டர்தாலரிடமிருந்து வந்த மரபணுக்களிற் பல காலப்போக்கில் நம் உடலினின்று நீங்கிவிட்டன. நமக்குப் பொருந்தாதவை பல அவற்றில் இருந்திருக்க வேண்டும். எஞ்சியவற்றிலும் நன்மையும் தீமையும் உண்டு. கொரோனா நோய் கடுமையாவதற்குத் துணை செய்யும் மரபணுப் பகுதியொன்று நியாண்டர்தாலரிடமிருந்து வந்ததென்றும், தென்னாசியாவில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைத் தாங்கியிருக்கின்றனர் என்றும் 2020-இல் கண்டனர். அடுத்த ஆண்டே, அந்நோயின் கடுமையைத் தணிக்கும் வேறொரு பகுதியும் அவர்களிடமிருந்தே வந்ததெனக் கண்டனர். முன்னோர் விட்டுச்சென்ற சொத்தில் கடனும் உண்டு, நிலமும் உண்டு என்பதுபோன்றதே இது. கலப்பு ஒரு புண்ணியமன்று; பாவமுமன்று. அது நடந்தது, அவ்வளவே.

இதைக்காட்டிலும் முக்கியமான எச்சரிக்கையொன்று உண்டு. மனிதர் அனைவரும் சமம் என்பதற்கு மரபணுவை ஆதாரமாகக் காட்டுவதில் நம் சீர்திருத்த நண்பர்கள் பலர் ஆவலுடையவராயிருக்கின்றனர். அந்த ஆவலைச் சற்று அடக்கிக்கொள்வது நலம். "எல்லாரும் கலந்தவர், ஆகையால் எல்லாரும் சமம்" என்று சொல்வோமாயின், எங்கேனும் ஒரு தீவில் கலவாத கூட்டமொன்று உண்டென்று நாளை நிரூபிக்கப்பட்டால் என் செய்வோம்? அவர்களை உயர்ந்தவரென்று வணங்குவோமா? அன்றி, ஒருவருக்கு 2 பங்கும் மற்றொருவருக்கு 1 பங்கும் இருப்பதைக் கொண்டு புதியதொரு ஜாதி வரிசை அமைப்போமா? பப்புவா மக்களிடம் டெனிசோவர் மரபு மிகுதியாயிருக்கிறது. ஜஹாய் மக்களிடமும் ஓங்கே மக்களிடமும் அது அங்ஙனம் காணப்படவில்லை. இதனால் ஒருவர் மற்றவரினும் அதிக மனிதராகவோ குறைந்த மனிதராகவோ ஆகிவிடுவதில்லை. விஞ்ஞானம் பொய்ப்பெருமையை உடைக்கும் சம்மட்டி. வீடு கட்டுவதற்கு வேண்டிய அஸ்திவாரத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அவ்வஸ்திவாரம், நம்மிடம் வந்து சேர்ந்த உயிரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதிலேயே இருக்கிறது. ஷானிதார்க் குகையில் ஒற்றைக்கையருக்கு உணவளித்தவர்கள் தம் மரபணுவைச் சோதித்துவிட்டு அளிக்கவில்லை.

இவ்விஷயத்தில் ஜொகூரும் அதைச் சூழ்ந்த இந்நாடும் நமக்குத் தரும் பாடங்கள் இரண்டு. முதலாவது, பூர்வகுடிகளைப் பற்றி 1954-இல் இயற்றப்பட்ட சட்டம். பூர்வகுடி யார் என்பதற்கு அச்சட்டம் தந்தைவழிப் பிறப்பை ஓர் இலக்கணமாகக் கூறுகிறது. ஆனால் அதனோடு நில்லாமல், எந்த இனத்திற் பிறந்த குழந்தையாயினும், சிசுவாயிருக்கையில் பூர்வகுடிகளால் தத்தெடுக்கப்பட்டு, அவர்களுள் ஒருவராய் வளர்க்கப்பட்டு, அவர்கள் மொழியைப் பேசி, அவர்கள் வழக்கங்களைப் பின்பற்றி, அவர்கள் சமூகத்தில் உறுப்பினராயிருப்பவரும் பூர்வகுடியே என்கிறது. பூர்வகுடிப் பெண்ணுக்கு வேற்றினத்தாரால் பிறந்த குழந்தையையும் இத்தகைய நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்கிறது. அச்சட்டத்தின் மற்றப் பிரிவுகளில் குறை சொல்வதற்கு எவ்வளவோ உண்டு. பூர்வகுடிகளின் நிலவுரிமையைப் பற்றிய வழக்குகளே அதற்குச் சாட்சி. ஆயினும் இவ்வொரு பிரிவு, வளர்ப்பை இரத்தத்திற்கு ஈடாக வைத்திருக்கிறது. நாம் காட்டுவாசிகள் என்று கருதியோரைப் பற்றிய சட்டத்தில் காணப்படும் இந்தத் தாராளம், நம் ஜாதிச் சங்கங்களின் விதிகளில் எங்கேனும் உண்டா?

இரண்டாவது பாடத்தை நம்மவரே எழுதினர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும், வறுமையாலும், பெண் குழந்தை வேண்டாமென்னும் எண்ணத்தாலும், ஜாதக தோஷம் என்னும் மூடநம்பிக்கையாலும் சீனப் பெற்றோர் சிலர் தம் பெண் சிசுக்களைப் பிறருக்குக் கொடுத்துவந்தனர். அவர்களிற் பலரை மலாயாவெங்கும் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. தாமே அரைவயிற்றுக் கஞ்சி குடித்த தோட்டத் தொழிலாளிகளும் வளர்த்தனர். அக்குழந்தைகள் தமிழ்ப்பெயர் பெற்றனர், தமிழ் பேசினர், மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தனர், தமிழரை மணந்து தமிழ்ப்பிள்ளைகளைப் பெற்றனர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். பக்கத்து லயத்துத் தமிழன் வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்த அதே மனிதர், சீனச் சிசுவைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டினார். அவர் செய்த இவ்விரண்டு காரியங்களில் எது இயற்கை, எது கற்பிக்கப்பட்டது என்பதை அறிய நமக்குச் சாஸ்திரம் வேண்டுவதில்லை. அழுத குழந்தையைத் தூக்குவதற்கு யாரும் அவருக்குப் போதிக்கவில்லை. தண்ணீரை மறுப்பதற்குத்தான் தலைமுறை தலைமுறையாகப் போதித்தனர்.

இனி, ஆட்சேபணைகளுக்கு வருவோம். "நாங்கள் யாரையும் வெறுக்கவில்லை, சிறுபான்மையினராகிய நாம் நம் மொழியையும் வழக்கத்தையும் காக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கின்றனர். இது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று. மொழி அழிந்துவிடுமோ என்னும் அச்சம் அயல்நாட்டில் வாழும் எவருக்கும் நியாயமானதே. ஆனால் மொழி இரத்தத்தில் ஓடுவதன்று, நாவில் பயில்வது. கலப்பற்ற தமிழ்த் தாய்தந்தையருக்குப் பிறந்து தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாத பிள்ளைகளையும் காண்கிறோம். சீனப் பெற்றோருக்குப் பிறந்து தமிழைத் தவிர வேறு மொழியறியாத பாட்டிமாரையும் கண்டிருக்கிறோம். மலாக்காச் செட்டிகளைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர் இந்நாட்டுப் பெண்களை மணந்ததால் உண்டான அச்சமூகத்தார் மலாய் பேசுகின்றனர். ஆயினும் தம் கோயில்களையும் வழிபாட்டையும் தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். ஒரு வழக்கம் நிலைப்பதும் அழிவதும் கற்பிப்பவரைப் பொறுத்தது. தமிழைக் காக்க விரும்புவோர் கலப்புக் குழந்தையை வீட்டிற்குள் சேர்த்துத் தமிழ் கற்பிக்கட்டும். வாசலில் நிறுத்திவிட்டு, அது தமிழ் பேசவில்லையே என்று குறை கூறுவது என்ன நியாயம்?

"பழங்காலத்துக் கலப்புகள் எல்லாம் மனமொத்து நடந்தவை என்று எப்படிச் சொல்வீர்கள்? கொள்ளையும் பலாத்காரமும் இருந்திருக்கலாமே" என்பது மற்றோர் ஆட்சேபணை. இருந்திருக்கலாம். எலும்பும் மரபணுவும் அதைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பலாத்காரம் நிகழ்ந்திருந்தால் குற்றம் அதைச் செய்தவனுடையது, பிறந்த குழந்தையினுடையதன்று. பெற்றோரின் செயலுக்காகக் குழந்தையைத் தண்டிக்கும் வழக்கத்தை நீதி என்று எவரும் சொல்லார். ஜாதி மட்டுமே அதைத் தர்மம் என்கிறது.

"ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் கொண்டு இன்றைய குடும்பத்தைத் திருத்த முடியுமா?" என்றும் சிலர் நகைக்கின்றனர். இன்றைய குடும்பத்திலேயே அதே கேள்வி எழுகின்றது என்பதுதான் நம் விடை. இந்நாட்டிற் பல படிவங்களில் மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்னும் கட்டங்கள் இருக்கின்றன. தாய் ஒரு கட்டத்திலும் தந்தை மற்றொரு கட்டத்திலும் இருக்கும் பிள்ளை எதில் அடையாளமிடுவது என்று திகைக்கிறது. படிவத்தின் திகைப்பை ஒரு குமாஸ்தா தீர்த்துவிடுவார். ஆனால் தாத்தா வீட்டுக் கல்யாணத்திற்கு அழைக்கப்படாமலும், பாட்டியின் சாவு வீட்டில் கொள்ளிக் குடத்தருகே விடப்படாமலும் நிற்கும் பிள்ளையின் திகைப்பைத் தீர்ப்பவர் யார்? ஜாதி மாறி மணந்த மகளின் குழந்தையைப் பார்க்கவே மாட்டேன் என்று சபதம் செய்துகொண்டு, அக்குழந்தையின் படத்தை மட்டும் கைத்தொலைபேசியில் ஒளித்து வைத்துப் பார்க்கும் பாட்டன்மார் நம் சமூகத்தில் இல்லையென்று யாரேனும் துணிந்து கூறுவரா?

அத்தகைய பெரியோர்களுக்கு நாம் சொல்வது இதுவே. குலப்பெருமை என்று நீங்கள் எதைக் காக்க நினைக்கிறீர்களோ, அக்குலம் இன்றுவரை வந்து சேர்ந்ததே, முன்பு ஒருநாள் யாரோ ஒருவர் வேற்று முகமுள்ள குழந்தையொன்றைத் தூக்கி நெருப்பருகே வைத்துக்கொண்டதனால்தான். அவர் பெயரை நாம் அறியோம். அவர் பேசிய மொழியையும் அறியோம். நமக்குத் தெரிந்த முன்னோர் எல்லாரினும் மூத்த முன்னோர் அவர். முன்னோர் வழக்கத்தைக் கைவிடலாகாது என்று நீங்கள் கூறுவது மெய்யானால், அவருடைய வழக்கத்தையும் கைக்கொள்ளுங்கள். பேரக்குழந்தை ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில்தான் இருக்கிறது. சென்று பாருங்கள்.